பாத்திரக் கடைக்கு லேசர் மார்க்கிங் மெஷின்: வாட்டைப் பார்ப்பதற்கு முன்னால்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கும்பகோணத்தில் எவர்சில்வர், பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறீர்கள். சீர்வரிசைக்கு வாங்குகிறவர்களும் கோயிலுக்கு உபயம் கொடுக்கிறவர்களும் பெயர் பொறித்துக் கேட்கிறார்கள். கடையில் ஒரு பெரியவர் கை மெஷினில் பெயர் வெட்டித் தருகிறார். முகூர்த்த மாதங்களில் அவரால் சமாளிக்க முடிவதில்லை. கையில் 3 லட்சம் இருக்கிறது. 20 வாட்டா 30 வாட்டா 50 வாட்டா, லேசர் வகையில் ஃபைபரா சிஓ2-வா, மரச் சாவிக்கொத்தும் பேனாவும் மொபைல் கவரும் அதே மெஷினில் வருமா என்று கேட்கிறீர்கள். ஒரு விற்பனையாளர் "50 வாட் எடுத்துட்டா எல்லாமே வரும் சார்" என்று சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி வாட்டைப் பற்றி இருந்தாலும், உங்களுக்கு உண்மையில் வேண்டியது இந்தப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும் என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கோவை கணபதியில் பதினான்கு வருடமாக மார்க்கிங் ஜாப் ஒர்க் செய்கிறேன். பம்ப் உதிரிபாகம், மோட்டார் ஷாஃப்ட், கிரைண்டர் நேம் பிளேட் இவைதான் அதிகம். கடைசி ஆறேழு வருடமாகப் பாத்திர வேலையும் வருகிறது. என்னிடம் இருப்பவை இரண்டு ஃபைபர், ஒரு சிஓ2. யூவி (புற ஊதா) லேசர் மெஷின் சொந்தமாக இல்லை. அந்த வேலை வந்தால் நண்பரின் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். நான் சொல்வதை இந்த அளவுக்குள் வைத்துப் படியுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்று. லேசரைத் தேர்ந்தெடுக்க முதலில் பார்க்க வேண்டியது அலைநீளம். ஃபைபர் லேசரின் ஒளி 1064 நானோமீட்டர்; இரும்பு, எவர்சில்வர், பித்தளை, அலுமினியம் எல்லாம் அதை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும், அதனால் எழுத்து விழும். சிஓ2 லேசர் அதைவிடப் பத்து மடங்கு நீளமான அலை, 10,600 நானோமீட்டர். அதை மரமும் அக்ரிலிக்கும் தோலும் கண்ணாடியும் விழுங்கும். பளபளப்பான உலோகம் திருப்பி அனுப்பிவிடும். யூவி 355 நானோமீட்டர். சூடு பரவாமல் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் நுணுக்கமாக எழுதும், விலையும் அதற்கேற்ப அதிகம். ஆக, 50 வாட் ஃபைபர் வாங்கினாலும் மரத்தில் ஒழுங்கான எழுத்து வராது. நிறமற்ற அக்ரிலிக்கில் ஒளி அப்படியே ஊடுருவிப் போய்விடும். சிஓ2 மெஷினில் எவர்சில்வர் மேல் கருப்பாக எழுதிக் காட்டுகிறவர்களும் உண்டு. அது முதலில் ஒரு பூச்சைத் தெளித்து, லேசர் சூட்டில் அதை உலோகத்தோடு ஒட்டவைக்கும் முறை. ஒன்றிரண்டு பரிசுப் பொருளுக்குச் சரி, நாளுக்கு ஐம்பது பாத்திரம் செய்கிற கடைக்கு ஒத்துவராது.

எனவே உங்களுக்கு ஃபைபர்தான். பேனா உலோகமாக இருந்தால் அதிலேயே ஆகும். வண்ணம் பூசிய தண்ணீர் பாட்டிலும் ஆகும், பூச்சு உரிந்து கீழே உள்ள உலோகம் தெரியும். மரச் சாவிக்கொத்தை ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுங்கள். ஆர்டர் நிலையாக வந்தால் பிறகு சிறிய டயோடு லேசர் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். மொபைல் கவரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ரெக்சின் பர்ஸ், பிவிசி அட்டை இவற்றை எந்த லேசரிலும் வைக்கவே கூடாது. அதில் குளோரின் இருக்கிறது. சூடுபட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது மூச்சுக்கும் கேடு, மெஷினின் லென்ஸையும் உலோகப் பாகங்களையும் அரித்துவிடும்.

அலைநீளம் சரியாகிவிட்டால் அப்புறம் வாட் என்பது பெரும்பாலும் நேரக் கணக்கு. எவர்சில்வர் டம்ளரில் மேலோட்டமாக ஒரு பெயர் போட 20 வாட்டுக்குச் சில நொடிகள் போதும். அந்தத் தகடு அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சக்தியை ஏற்றினால் உள்பக்கம் மஞ்சளும் நீலமுமாகச் சூட்டுத் தடம் தெரியும். வாடிக்கையாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார். ஆனால் பித்தளை வேறு கதை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் அடிப்பாகம் தடித்த வார்ப்பு. அதில் "உபயம்" என்று போட்டுக் குடும்பத்தின் பெயரையும் எழுதினால், கோயிலில் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மேலோட்டமான எழுத்து சில வருடத்தில் மங்கிவிடும். ஆழமாக இறங்க வேண்டும், ஒரே எழுத்தின் மேல் பல முறை ஓட்ட வேண்டும். இங்கே 20 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் நிமிடக்கணக்கில் வித்தியாசம் வரும். போன வருட பில் புத்தகத்தை எடுத்து எவர்சில்வர் எத்தனை, பித்தளை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு எவர்சில்வர் என்றால் 50 வாட் தேவையில்லை. உபய வேலைதான் பாதிக்கு மேல் என்றால் அந்த விற்பனையாளர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அவர் சொன்ன காரணத்துக்காக இல்லாவிட்டாலும்.

மோப்பா என்று ஒரு வகை இருப்பதையும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சாதாரண க்யூ-ஸ்விட்ச் ஃபைபரில் ஒவ்வொரு துடிப்பின் நீளமும் நிலையானது, 100 நானோ நொடியை ஒட்டி இருக்கும். மோப்பாவில் அதை ஓரிரு நானோ நொடியிலிருந்து சில நூறு வரை மாற்றிக்கொள்ளலாம். எவர்சில்வரில் சுத்தமான கருப்பு, வண்ணங்கள், அனோடைஸ் செய்த அலுமினியத்தில் கருப்பு எழுத்து எல்லாம் இதனால் எளிதாகிறது. என் சொந்தத் தேர்வு என்றால் 30 வாட் மோப்பா. அது பட்ஜெட்டை மீறினால் 20 வாட் சாதாரண ஃபைபர், மிச்சப் பணத்தை மெஷினை மூடும் கூண்டுக்கும் புகைபோக்கிக்கும் செலவழிப்பேன். இது என் அபிப்பிராயம்தான், வேறு மாதிரிச் சொல்கிறவர்களும் இருப்பார்கள். வண்ண எழுத்துக்காக மட்டும் மோப்பா வாங்காதீர்கள். அந்த வண்ணம் சாயம் இல்லை, உலோகத்தின் மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம். கண்ணாடி அலமாரியில் வைக்கும் பரிசுக்கு அழகு. கம்பிநார் படும் பாத்திரத்தில் நிற்காது.

பாத்திரக் கடைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது லென்ஸில். லென்ஸ் எழுதக்கூடிய சதுரப் பரப்பின் பக்க அளவை வைத்து 110 மி.மீ., 175, 300 எது வேண்டும் என்று கேட்பார்கள். பெரியது நல்லது என்று தோன்றும். 110 லென்ஸின் குவியத் தூரம் சுமார் 160 மி.மீ., 300 லென்ஸுக்குச் சுமார் 420. தூரம் கூடக் கூட ஒளிப்புள்ளி பெரிதாகும், அதே சக்தி ஏழு மடங்கு பரப்பில் பரவிவிடும். 300 லென்ஸ் போட்ட 50 வாட் மெஷின், எழுத்தின் கூர்மையில் 110 லென்ஸ் போட்ட 20 வாட்டிடம் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சின்ன லென்ஸுக்கும் ஒரு குறை உண்டு. அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தைத்தான் பொறுக்கும், உங்கள் சரக்கோ எல்லாம் வளைந்தது. 20 செ.மீ. விட்டமுள்ள குடத்தில் 4 செ.மீ. அகலத்துக்கு ஒரு பெயர் எழுதினால் நடுவைவிட ஓரங்கள் 2 மி.மீ. தாழ்ந்திருக்கும், சமாளிக்கலாம். 6 செ.மீ. ஆக்கினால் 4.6 மி.மீ. தாழும், "மீனாட்சி" என்று எழுதினால் மீயும் சியும் மங்கி நடு எழுத்துகள் மட்டும் பளிச்சென்று இருக்கும். குவியத்தை நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைத்தால் பிழை பாதியாகும். 175 லென்ஸ் இன்னும் கொஞ்சம் பொறுக்கும். நீங்கள் ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 175 எடுங்கள். டம்ளர், சொம்பு, தூக்குவாளிக்கு, பாத்திரத்தைச் சுழற்றித் தரும் ரோட்டரி கட்டாயம் வேண்டும்; சாய்த்து வைக்கிற வசதி உள்ளதா என்று கேளுங்கள், நம் டம்ளர்கள் அடியில் குறுகியவை.

இன்னொன்று, லேசர் தலையைத் தாங்கும் தூணின் உயரம். 175 லென்ஸுக்குக் கீழே 28, 30 செ.மீ. இடைவெளி வேண்டும். 40 செ.மீ. விட்டமுள்ள அண்டாவைப் படுக்கவைத்தால் மொத்தம் 70 செ.மீ. ஆகிறது. மேசை மேல் வைக்கும் மெஷின்களில் பெரும்பாலும் அவ்வளவு உயரம் இருக்காது. தலையைக் கழற்றிக் கையில் பிடித்து எழுதும் போர்ட்டபிள் மெஷின் இருக்கிறது என்பார்கள். கடைக்குள் ஆட்கள் நிற்கும்போது அதை ஓட்டுவது ஆபத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன். அண்டாவையும் பெரிய தவலையையும் உங்கள் பெரியவரே கையால் வெட்டட்டும்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி: துரு. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலத்தால். லேசர் எழுதும் இடத்தில் அந்தப் படலம் கெடும். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ள 304 வகையில் எனக்குப் பெரிய தொந்தரவு வந்ததில்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசைத் தகட்டில் செய்த மலிவான பாத்திரங்களில், சில லாட்டில் எழுத்தைச் சுற்றி ஒரு மாதத்தில் பழுப்புக் கறை வந்தது, சில லாட்டில் வரவே இல்லை. வாங்கும்போது கண்ணால் பார்த்து எது எந்த வகை என்று சொல்ல முடியாது. எழுதிய பின் குறைந்த சக்தியில், அதிக ஃப்ரீக்வென்சியில் (நொடிக்கு விழும் துடிப்புகளின் எண்ணிக்கை) ஒரு முறை மேலே ஓட்டி, உடனே கழுவித் துடைத்தால் கறை குறைகிறது என்பது என் அனுபவம். எல்லா லாட்டுக்கும் இது பலிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒரு வழி இருக்கிறது: நீங்கள் விற்கும் ஒவ்வொரு பிராண்டிலும் ஒரு பாத்திரம் எடுத்து எழுதி, உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, துடைக்காமல் இரண்டு நாள் விட்டுவையுங்கள். கறை வந்தால் அந்தச் சரக்குக்கு ஆழமாக எழுத வேண்டாம், அல்லது அதைக் கை வேலைக்கு விட்டுவிடுங்கள்.

தமிழ் எழுத்தைப் பற்றி எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்ல மாட்டார். இந்த மெஷின்களோடு பெரும்பாலும் வருவது ஈஸிகேட் மென்பொருள். ஆங்கிலப் பெயர் நேரடியாக அடித்தால் வரும். தமிழில் யூனிகோடில் அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி "கோ" மூன்று துண்டாக நிற்கலாம், புள்ளி தனியாக ஓடலாம். நான் செய்வது இது: கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் பெயரை அடித்து, எழுத்தைக் கோட்டு வடிவமாக்கும் கர்வ் ஆக மாற்றி, டிஎக்ஸ்எஃப் அல்லது பிஎல்டி கோப்பாக ஈஸிகேட்டுக்குள் கொண்டுவருவேன். ஒரு பெயருக்கு இரண்டு நிமிடம் கூடுதல். அடிக்கடி வரும் பெயர்களைச் சேமித்து வைத்துக்கொண்டால் அந்த நேரமும் மிச்சம். டெமோவுக்குப் போகும்போது உங்கள் கணினியிலிருந்தே "ஸ்ரீமதி", "கோகிலா", "சௌந்தரம்" மூன்றையும் கொண்டுபோய் எழுதச் சொல்லுங்கள். இந்த மூன்றும் சரியாக வந்தால் மற்றவை வரும். லைட்பர்ன் மென்பொருளும் இந்த வகை மெஷின்களை இப்போது ஓட்டுகிறது; ஆனால் மெஷினில் இருக்கும் கன்ட்ரோல் போர்டு அதற்கு ஒத்துப்போக வேண்டும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணைப் பற்றி எழுதும் இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. மெஷினில் தெரியும் சிவப்புப் புள்ளி எழுதும் இடத்தைக் காட்டும் விளக்குதான். அதைப் பார்த்து "இது ஒன்றும் செய்யாது" என்று நினைக்கிறார்கள். உண்மையான கதிர் கண்ணுக்குள் போனால் கண்ணின் லென்ஸே அதை விழித்திரையில் குவித்துவிடும். வலிக்காது, கண் தானாக மூடிக்கொள்ளாது, எரிந்த இடம் திரும்ப வராது. இவை ஆபத்து மிகுந்த நான்காம் வகுப்பு லேசர்கள், அதாவது தெறித்து வரும் ஒளியும் ஆபத்து. பட்டறையில் நாங்கள் பெரும்பாலும் எழுதுவது மங்கலான வார்ப்பு இரும்பில். நீங்கள் எழுதப் போவதோ கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்த எவர்சில்வரில். தாம்பாளத்தின் உட்பக்கம் குழியாடி மாதிரி ஒளியைக் குவித்தே அனுப்பும். கல்லாவுக்குப் பக்கத்தில், குழந்தைகள் எட்டிப் பார்க்கிற உயரத்தில், திறந்த மெஷினை வைத்து எழுதும் கடைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. மூடிய கூண்டு வேண்டும், கதவைத் திறந்தால் லேசர் நின்றுவிட வேண்டும். ஜன்னல் வைத்தால் 1064-க்கென்று செய்த தகடாக இருக்க வேண்டும். சாதாரண அக்ரிலிக் இந்தக் கதிரைத் தடுக்காது, சிஓ2 மெஷினின் மூடியைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓட்டுபவரின் கண்ணாடியில் 1064 என்ற எண்ணும், கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஓடி (OD) 6 அல்லது அதற்கு மேல் என்ற மதிப்பும் அச்சிட்டிருக்க வேண்டும். பெட்டியில் இலவசமாக வரும் பச்சைக் கண்ணாடியில் எதுவும் அச்சிட்டிருக்காவிட்டால் அதை நம்பாதீர்கள். புகையை உறிஞ்சிக் குழாய் வழியாக வெளியே விடுங்கள். எவர்சில்வர் புகையில் குரோமியமும் நிக்கலும், வார்ப்புப் பித்தளைப் புகையில் துத்தநாகமும் பல சமயம் ஈயமும் இருக்கும்.

மெஷினுக்குள் இருக்கும் லேசர் சோர்ஸ், அதாவது கதிரை உருவாக்கும் பெட்டிதான் விலையில் பெரும்பங்கு. ரேகஸ், ஜேபிடி, மேக்ஸ், ஐபிஜி என்று கம்பெனிப் பெயர் சொல்வார்கள். சோர்ஸ் பெட்டி மேல் உள்ள ஸ்டிக்கரின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, அதையே பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். "ஒரு லட்சம் மணி நேரம் உழைக்கும்" என்பார்கள். நாளுக்கு 8 மணி, வருடத்துக்கு 300 நாள் என்றால் அது 41 வருடத்துக்கும் மேல். அந்த எண் உள்ளே இருக்கும் டயோடுகளின் கணக்கு; நீங்கள் பார்க்க வேண்டியது வாரண்டி எத்தனை வருடம், கெட்டால் யார் எத்தனை நாளில் வருவார்கள் என்பதை. உங்கள் பக்கத்தில், தஞ்சாவூரிலோ திருச்சியிலோ, அவரிடம் வாங்கிய இரண்டு பேரின் நம்பர் கேட்டுப் பேசுங்கள். மெஷினோடு வரும் ஈஸிகேட் ஃபோல்டரையும் முதல் நாளே இரண்டு பென்டிரைவில் நகல் எடுங்கள். அதில் உங்கள் லென்ஸுக்கான திருத்த அளவுகள் இருக்கின்றன. என் முதல் மெஷினில் கணினி கெட்டபோது நகல் இல்லை. விற்றவர் தொழிலை விட்டுப் போயிருந்தார். சதுரம் போட்டால் பீப்பாய் மாதிரி வந்தது. அளந்து அளந்து சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது, அதற்குள் ஒரு நல்ல பார்ட்டி கைவிட்டுப் போய்விட்டது. மின்சாரத்துக்குச் சிங்கிள் ஃபேஸ் போதும்; ஆனால் தரமான எர்த்தும் ஆன்லைன் யூபிஎஸ்ஸும் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள்.

வரவு கணக்கை நீங்களே போடுங்கள். ஒரு பெயருக்குச் செலவு போக 20 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், 3 லட்சம் திரும்பிவர 15,000 பெயர் எழுத வேண்டும். 300 நாளில் என்றால் நாளுக்கு 50. ஆடியிலும் மார்கழியிலும் அது நடக்காது. கடன் வாங்கினால் தவணையை அதற்கேற்பப் பேசுங்கள். வெள்ளிக் கொலுசு, நகை கொண்டுவந்து முத்திரை போட்டுத் தரச் சொல்லிச் சிலர் வருவார்கள். பெயர் எழுதலாம், ஹால்மார்க் முத்திரையோ ஐஎஸ்ஐ முத்திரையோ போடக் கூடாது. தங்க நகையில் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில் வரும் தனி அடையாளமான எச்யூஐடி-யை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் அங்கீகரித்த மையம்தான் பதிக்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கவே முடியாது என்பதால், போலி முத்திரைக்குக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மெஷினை ஓட்ட அந்தப் பெரியவரையே பழக்குங்கள். கணினி வேலையை ஒரு பையன் பார்த்துக்கொள்ளலாம். பெயரைக் குடத்தின் கழுத்தில் வைப்பதா வயிற்றில் வைப்பதா, தாம்பாளத்தின் விளிம்பில் எத்தனை எழுத்து அடங்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். பையனுக்கு அது வர வருடங்கள் ஆகும்.

ஆடி மாதத்தில் கடையில் கூட்டம் குறைந்திருக்கும்போது டெமோவுக்குப் போங்கள். ஒரு டம்ளர், உங்கள் கடையிலேயே மலிவான எவர்சில்வர் குடம், பித்தளை விளக்கின் அடித்தட்டு, ஒரு செப்புச் சொம்பு, வண்ணம் பூசிய பாட்டில் ஒன்று, இந்த ஐந்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். செம்பு இந்த ஒளியை அதிகம் திருப்பி அனுப்பும், அதில் எழுத்து எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எடுத்த நேரம், வேகம், சக்தி, ஃப்ரீக்வென்சி எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் தயாராக வைத்திருக்கும் தட்டைத் தகட்டில் மட்டும் எழுதிக் காட்டி, உங்கள் குடத்தைத் தொட மறுத்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.